டவர் வேண்டாம், சிம் வேண்டாம்! சிகரத்தில் ஏறி "ஹலோ... ஹலோ!"

வைகை அணை மேல் நின்று மேற்கே பார்த்தால் மலையோ மலை. மேலே ஏறினால் பல மடிப்புகளில் செல்போன் ஊமை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை.

இங்கிலாந்தில் 2002-ல் ஒரு கூத்து தொடங்கியது. ஹாம் ரேடியோ ஆசாமிகள் பேட்டரி, ஒயர், பெட்டி சகிதம் சிகரம் ஏறுவார்கள். கார் உச்சிக்கே போனால் செல்லாது, நடக்கணும்! அங்கிருந்து 4 பேரிடமாவது பேசினால்தான் மார்க். நடுவே டவர் கிடையாது. பெட்டிக்குப் பெட்டி நேர் பேச்சு. உயரம் கூடக் கூட குரல் தூரம் போகும்.

வேலையற்ற வேலையா? 2004 சுனாமியில் அந்தமான் டெலிபோன்கள் செத்துக் கிடந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் பெட்டி மூலம்தான் தப்பியவர்கள் தகவலை வெளியே அனுப்பினார்.

பரீட்சை எழுதி மத்திய அரசு லைசென்ஸ் வாங்கணும். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தனி. இரண்டும் இல்லாமல் பெட்டியைத் தூக்கினால் கேஸ்தான்!