டப்ளினர்ஸ் கதைகளின் சிக்கன நடை

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ 15 கதைகள் கொண்ட தொகுப்பு. லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் 1914 ஜூனில் அதை வெளியிட்டார். ஐரிஷ் சிறுகதையில் நவீன உரைநடை என்ற பேச்சு எழும்போது முதலில் நிற்பது இந்நூல்தான். 1903இலேயே ஜார்ஜ் மூர் அயர்லாந்துக் கிராமங்களை அலங்காரமற்ற நடையில் எழுதியிருந்தார். ஜாய்ஸ் எடுத்துக்கொண்டது நகரத்தை: அலுவலக எழுத்தர்கள், வேலைக்காரப் பெண்கள், கடன்பட்ட குடிகாரர்கள்.

இங்கே சிக்கனம் என்பது சின்னச் சின்ன வாக்கியங்கள் அல்ல. கடைசிக் கதையான ‘இறந்தவர்கள்’ குறுநாவல் அளவுக்கு நீளும். ஜாய்ஸ் மிச்சம் பிடிப்பது விளக்கத்தை. ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார், யாருக்காக இரங்க வேண்டும் என்று கதைசொல்லி வாய் திறப்பதில்லை. ‘இரு வீரர்கள்’ கதையின் முடிவில் ஒருவன் உள்ளங்கையை விரிக்கிறான்; அதில் ஒரு தங்க நாணயம் இருக்கிறது. அத்துடன் கதை நின்றுவிடுகிறது. அது ஒரு வேலைக்காரப் பெண்ணிடமிருந்து கறந்தது என்பதை வாசகர்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் கதையான ‘சகோதரிகள்’ 1904 ஆகஸ்டில் ‘தி ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’ என்ற விவசாய வார இதழில் வந்தது. பிறகு ஜாய்ஸ் அதைப் பெருமளவு மாற்றி எழுதினார். நூல் வடிவத்தில், பாதிரியாரைப் பற்றிப் பேசும் பெரியவர் காட்டர் தம் வாக்கியங்களை முடிப்பதில்லை. அந்தப் பாதிப் பேச்சுக்குப் பொருள் தேடி ஒரு சிறுவன் தவிக்கிறான். முதல் பத்தியிலேயே ‘நோமன்’ என்ற வடிவியல் சொல் வருகிறது. ஓர் இணைகரத்தின் மூலையில் அதே வடிவச் சிறு இணைகரத்தை வெட்டியெடுத்தால் மிஞ்சும் உருவம் அது. தொகுப்புக்கே இது திறவுகோல் என்று விமர்சகர்கள் பலர் கருதுகிறார்கள். மிஞ்சிய கோடுகளைக் கொண்டே வெட்டுப்பட்ட மூலையை அளந்துவிடலாம் என்பதால் அது பொருத்தமான கருத்துதான்.

இந்த முறையின் உச்சம் ‘களிமண்’. சலவைக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் மரியா, மணமாகாத முதிய பெண். ஹாலோவீன் இரவில், தான் தாய்போல் வளர்த்த ஜோவின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுகளைத் தொடும் விளையாட்டு. ஐரிஷ் வழக்கப்படி மோதிரம் கிடைத்தால் கல்யாணம், ஜெபப்புத்தகம் கிடைத்தால் கன்னிமடம், மண் கிடைத்தால் சாவு. மரியாவின் விரலில் ஈரமாக, மெத்தென்று ஏதோ படுகிறது. சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு குசுகுசுப்பு, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்குத் திட்டு. மறுபடி ஆடச் சொல்கிறார்கள், ஜெபப்புத்தகம் கிடைக்கிறது. களிமண் என்ற சொல் தலைப்பைத் தவிரக் கதையில் எங்குமே இல்லை. கண் கட்டப்பட்ட மரியாவுக்குத் தெரியாததைக் கதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாது.

அடுத்து அவள் பாடுகிறாள். காதலர்கள் வரும் இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டு முதல் சரணத்தையே திரும்பப் பாடுகிறாள், யாரும் திருத்தவில்லை. ஜோவின் கண்கள் கலங்குகின்றன, தேடுவது கிடைக்கவில்லை. பாட்டில் திறக்கும் திருகாணி எங்கே என்று மனைவியைக் கேட்கிறான். துயரத்தின் முழு எடையையும் ஒரு சமையலறைச் சாமானின் மீது ஏற்றிவைத்து முடிக்கிறது அந்தக் கடைசி வாக்கியம்.

கதைசொல்லியின் மொழியும் மரியாவிடமிருந்து கடன் வாங்கியதே. ‘நல்ல’ என்ற அவளது எளிய பாராட்டு படர்க்கை நடையிலேயே திரும்பத் திரும்ப வருகிறது. விமர்சகர் ஹ்யூ கென்னர் 1978இல் இந்த உத்திக்கு ‘சார்ல்ஸ் மாமா விதி’ என்று பெயரிட்டார்: விவரிப்பு, விவரிக்கப்படுபவரின் சொற்களைத் தொற்றிக்கொள்ளும்.

இவ்வளவு இறுக்கமான நடையில் ஒரு சொல்லை எடுத்தாலும் கதை தளரும். அச்சகத்தார் 1906இல் ஒரு வசைச்சொல்லை ஆட்சேபித்தபோது ஜாய்ஸ் கடிதம் கடிதமாக வாதாடியது அதனால்தான். பின்னர் தயாரான டப்ளின் பதிப்புக்காக அச்சான தாள்களை 1912இல் அங்குள்ள அச்சகத்தாரே அழித்தார். உரையாடலுக்கு மேற்கோள் குறி வேண்டாம், கோடு போதும் என்று ஜாய்ஸ் விரும்பினார். 1914 பதிப்பு அதைக் கேட்கவில்லை.

ஜாய்ஸின் வழியை எல்லா ஐரிஷ் எழுத்தாளர்களும் தொடரவில்லை. ஃபிராங்க் ஓ’கானர் கதைக்குள் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்று நம்பினார். 1931இல் வந்த அவரது ‘தேசத்தின் விருந்தினர்கள்’ கதையில், கூடிச் சீட்டாடிய ஆங்கிலேயக் கைதிகளைச் சுட வேண்டிவந்த ஐரிஷ் வீரன் ஒருவன் நம்மிடம் நேராகப் பேசுகிறான். தன் மனநிலையை அவனே சொல்கிறான். ஆனால் சுட்டது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அங்கேயும் யாரும் இல்லை.