பூட்டிய வீட்டில் ஒரு மீன் தொட்டி

கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் வெளியூர் புறப்படும் குடும்பத்தார், மீன்களுக்கு யார் இரை போடுவது என்றே முதலில் கவலைப்படுகின்றனர். ஆனால் ஆளில்லாத நாட்களில் தொட்டி மீன்கள் பெரும்பாலும் பசியால் இறப்பதில்லை, நீர் கெடுவதாலும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதாலுமே இறக்கின்றன.

மீன்கள் குளிர் இரத்த விலங்குகள். அதாவது, பறவையையும் பாலூட்டியையும் போல உணவை எரித்து உடற்சூட்டைக் காத்துக்கொள்ளாமல், சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையையே தம் வெப்பநிலையாகக் கொண்டு வாழ்பவை. அதனால் அவற்றின் உணவுத் தேவை மிகக் குறைவு. நலமாக உள்ள வளர்ந்த கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல் போன்றவை ஒரு வாரம் இரையின்றி இருப்பதால் கேடு ஒன்றும் நேர்வதில்லை. நாளுக்குப் பலமுறை உண்ண வேண்டிய குஞ்சுகள் மட்டுமே இதற்கு விலக்கு.

மிகுதியாக இடப்பட்ட இரையின் கதை வேறு. உண்ணாமல் விடப்பட்ட இரை அடியில் மக்கும்போதும், மீன் தன் செவுள் வழியே கழிவை வெளியேற்றும்போதும் நீரில் அம்மோனியா சேர்கிறது. இது செவுளை எரிக்கும் நஞ்சு. இதை நைட்ரைட்டாகவும், பின்னர் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பில்டரின் பஞ்சிலும் தொட்டியின் கூழாங்கற்களிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்ப்பதிலிருந்தே இவை தம் வாழ்வுக்கான ஆற்றலைப் பெறுகின்றன என்பதை 1890-ஆம் ஆண்டளவில் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி தம் ஆய்வுகளால் நிறுவினார். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட வழக்கமான வீட்டுத் தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீரே இருப்பதால், ஒரு கைப்பிடி இரை அழுகினாலும் இந்தப் பாக்டீரியாக்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நீரின் காரத்தன்மை கூடினால் ஆபத்தும் கூடுகிறது: 25 டிகிரி வெப்பத்தில், காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை நீரில், அதாவது அமில-கார அளவு 7 ஆக உள்ளபோது, மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே நச்சு வடிவில் இருக்க, அந்த அளவு 8 ஆகும்போது அது சுமார் 5 சதவீதமாகிவிடுகிறது. காரத்தன்மை மிகுந்திருக்கக் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வீடுகள் இதை மறக்கலாகாது.

ஆகவே அண்டை வீட்டாரிடம் இரை டப்பாவை அப்படியே கொடுத்துச் செல்வதுதான் ஏற்பாடுகளிலெல்லாம் மோசமானது. ஆளைக் கண்டதும் கண்ணாடியருகே திரளும் மீன்களைப் பார்ப்பவர் மனம் இளகி அள்ளிப் போட்டுவிடுவது இயல்பு. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பயணமெனில், இரண்டு நாளுக்கு ஒரு முறைக்கான இரையைச் சிறு காகிதப் பொட்டலங்களாகத் தேதியிட்டு மடித்துக் கொடுத்து, டப்பாவை எடுத்து ஒளித்து வைப்பதே தக்க வழி. குறித்த நேரத்தில் தானே இரையைக் கொட்டும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இரை கட்டிபட்டு அடைத்துக்கொள்வதால், வீட்டில் ஆள் இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் அவற்றை நம்ப இயலாது. மெல்லக் கரையும் விடுமுறை இரைக் கட்டிகளோ சிறிய தொட்டியின் நீரைக் கலங்கடிக்கக் கூடியவை. அவற்றை வாங்காமலிருப்பதே நல்லது.

இரைக்கு அடுத்தது மின்சாரம். உண்மையில் முதலில் எண்ண வேண்டியது இதுவே. வெளியூர் செல்லும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். அப்படி அணைத்தால் ஏர் பம்பும் பில்டரும் நின்று, வெப்பம் மிக்க நீரில் ஏற்கெனவே குறைவாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகிறது. மீன்களோடு, காற்றை நம்பியிருக்கும் பாக்டீரியாக்களும் மடியத் தொடங்குகின்றன. காற்றையே நேரடியாக மூச்சிழுக்கும் உறுப்பைத் தலைக்குள் பெற்றிருக்கும் பைட்டர், குராமி வகைகள் மட்டும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். மற்ற சுவிட்சுகளை அணைத்து, தொட்டிக்கான இணைப்பை மட்டும் விட்டு வைக்க வேண்டும். சிறிய ஏர் பம்ப் சில வாட் மின்சாரமே எடுப்பதால், வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பின் அதோடு இணைத்துவிட்டால் நீண்ட மின்தடையும் பொருட்டாவதில்லை.

பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து பம்பையும் தரையையும் நனைத்துவிடக் கூடும். காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு என்னும் சிறு பிளாஸ்டிக் அடைப்பைக் குழாயில் பொருத்தினாலோ பம்பை உயரத்தில் வைத்தாலோ இது நேராது.

பலர் கருதாத இன்னோர் ஆபத்து கொசு, கரப்பான் மருந்து. புறப்படும் முன் வீடெங்கும் மருந்தடித்துக் கதவைச் சாத்தினால், அறைக் காற்றை இழுத்து நீருக்குள் குமிழியாகச் செலுத்தும் பம்ப் அந்த நஞ்சையும் சேர்த்தே செலுத்துகிறது. இம்மருந்துகளில் பெரும்பாலும் உள்ள பைரித்ராய்டு என்னும் வேதிப்பொருள் மனிதருக்குச் சற்றே பாதுகாப்பானது, மீனுக்கோ மிகக் கொடியது. தொட்டி இருக்கும் அறையில் அதைத் தெளிக்கவே கூடாது.

புறப்படும் நாளில் எந்தப் பெரிய மாற்றமும் செய்யாதிருப்பது விவேகம். மூன்று நாட்களுக்கு முன்பே கால்பங்கு நீரை மாற்றிவிட வேண்டும். குழாய் நீரெனில் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தால் குளோரினை நீக்கியபின்பே ஊற்ற வேண்டும். பில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் அழியுமாதலால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே லேசாகப் பிழிய வேண்டும். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில், சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் எத்தனை அழகான மீனைக் கண்டாலும் வாங்கலாகாது. புது மீனோடு வரும் வெண்புள்ளி நோய் சில நாள் கழித்தே வெளிப்பட்டு, கவனிக்க ஆளில்லாத வாரத்தில் தொட்டி முழுவதும் பரவிவிடும். விளக்கை டைமரில் நாளுக்கு ஆறு மணி நேரம் எரியவிட்டால் பாசி கட்டுக்குள் இருக்கும். செடிகள் இல்லாத தொட்டிக்கு விளக்கே தேவையில்லை, சன்னல் வழி வரும் பகல் வெளிச்சம் போதும்.

திரும்பி வந்ததும் மீன்களை எண்ணி, இறந்தது ஏதேனும் இருந்தால் அகற்றி, கால்பங்கு நீரை மாற்றிவிட்டு, அன்று வழக்கத்தில் பாதி இரை மட்டுமே போட வேண்டும்.