ஐந்து வாசல்களும் ஒரு ரவுட்டரும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"எய்யா, நீ சயின்ஸுதான படிக்க? இது ஏன் எடுக்க மாட்டேங்குன்னு சொல்லேன்."

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை என் தாயார் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குகிறார். தாயார் பீடி சுற்றுகிறார். தங்கை பிளஸ் டூ மாணவி. தங்கைக்கும் அம்மாவுக்கும் ஒரே கைப்பேசி. அதன் சிறிய திரையில் பாடங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மாமா ஒரு சிறு கருவியை வாங்கி அனுப்பினார். தொலைக்காட்சியின் பின்புறம் அதைச் செருகினால், இணையத்தில் உள்ள பாடங்களைப் பெரிய திரையில் காணலாம். டி.வி. ஸ்டிக் என்பார்கள்.

கருவி வந்தது, செருகினோம், ஆனால் வீட்டு ரவுட்டர் அதை ஏற்கவில்லை. கைப்பேசிகளில் இணையம் ஓடுகிறது, தொலைக்காட்சிக்கு மட்டும் கதவடைப்பு! பார்க்க வந்த பணியாளர் ஒருவர், "ரவுட்டர் பழசாப் போச்சு, புதுசு மாத்தணும், 2,500 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது தாயார் பத்து நாட்களுக்கும் மேலாகக் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றினால் வரும் கூலி. சீட்டுப் பணத்தை எடுக்க அவர் எழுந்தபோதுதான் மேற்கண்ட கேள்வி பிறந்தது. என்னிடம் விடை இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் நான் அறிந்துகொண்டதை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரவுட்டர் செய்யும் வேலை என்ன?

ரவுட்டரைத் தமிழில் திசைவி என்கிறார்கள். நம் ஐந்தருவியைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலையை விளக்குவது எளிது. மலையிலிருந்து ஒன்றாக வரும் நீர், பாறையில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. வீட்டுக்குள் வருவதும் ஒரே கண்ணாடி இழைதான். ரவுட்டர் அதனைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆனால் அருவி யாரையும் கேள்வி கேட்பதில்லை, ரவுட்டர் கேட்கிறது. ஒரு புதிய கருவி இணையத்தை அடைய ஐந்து வாசல்களைக் கடந்தாக வேண்டும். எந்த வாசலில் அது நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவ்வாசல்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாசல்: அலை

1895-இல் கல்கத்தாவில் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ், சுவர்களைக் கடந்து செல்லும் மின்காந்த அலைகளைக் கொண்டு மணியடித்துக் காட்டினார். அதே இனத்தைச் சேர்ந்த அலைகள்தாம் இன்று வைஃபையாக நம் வீடுகளில் உலவுகின்றன. இவற்றில் பரவலாகப் பயன்படுபவை 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் ஆகிய பட்டைகள். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். முதலாவதன் அலைநீளம் 12.5 செ.மீ.; இரண்டாவதன் அலைநீளம் ஏறத்தாழ 6 செ.மீ. முன்னது சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும், வேகம் குறைவு. பின்னது வேகமானது; ஆனால் இரண்டு சுவர்களுக்கு அப்பால் தளர்ந்துவிடும். இந்தியாவில் 2.4 பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் விதி செய்யப்பட்டது. 5 பட்டையில் அந்தச் சலுகை 2018-இல் மேலும் விரிவாக்கப்பட்டது.

பழைய, விலை குறைந்த கருவிகள் பலவற்றுக்கு 5 கிகா ஹெர்ட்ஸ் கேட்காது. பட்டைக்குள்ளும் சேனல்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட சில கருவிகள் 2.4 பட்டையின் 12, 13 ஆகிய சேனல்களைக் கவனிப்பதில்லை. 5 பட்டையின் ஒரு பகுதியை ராடார்களும் பயன்படுத்துவதால், சில கருவிகள் அப்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றன. அடையாளம் எளிது: கருவியின் திரையில் நம் வைஃபை பெயரே தோன்றாவிட்டால், தடை முதல் வாசலில் இருக்கிறது. ரவுட்டரில் 2.4 பட்டையை இயக்கி, 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் தீரும்.

இரண்டாம் வாசல்: கடவுச்சொல்

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி. ஆயினும் ஏற்கவில்லை என்றால், சொல்லில் பிழை இல்லாமல் மொழியில் பிழை இருக்கலாம். கடவுச்சொல்லை மறைத்துப் பேசும் முறைக்கு டபிள்யூ.பி.ஏ. என்று பெயர். இரண்டாம் வகை 2004-இலும், மூன்றாம் வகை 2018-இலும் வந்தன. ரவுட்டரை மூன்றாம் வகையில் மட்டும் பேசும்படி வைத்திருந்தால், இரண்டாம் வகை மட்டுமே அறிந்த பழைய கருவி வெளியே நிற்கும். இரண்டும் கலந்த அமைப்புக்கு மாற்றினால் அது உள்ளே வரும்.

மூன்றாம் வாசல்: பெயர்ப் பட்டியல்

ஒவ்வொரு வலைக் கருவிக்கும் மேக் எண் என்று ஒன்று உண்டு. 48 பிட்டுகள் கொண்டது. பன்னிரண்டு குறிகளாக எழுதுவார்கள். 'இந்த எண்கள் மட்டும் வரலாம்' என்று ரவுட்டரில் பட்டியல் எழுதி வைக்க முடியும். பட்டியலில் இல்லாத கருவி சரியான கடவுச்சொல்லைச் சொன்னாலும் நுழைய முடியாது. அப்போது திரை உண்மைக் காரணத்தைச் சொல்லாமல், "இணைக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லும். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐ.ஓ.எஸ். 14 (2020) முதலாகக் கைப்பேசிகள் தம் உண்மை எண்ணை மறைத்து, வேறோர் எண்ணைப் புனைபெயர்போல் சொல்கின்றன. பட்டியல் வைத்திருக்கும் வீடுகளில் இதனாலும் குழப்பம் நேரும்.

நான்காம் வாசல்: வீட்டு எண்

உள்ளே வந்த கருவிக்கு ரவுட்டர் ஓர் ஐ.பி. முகவரி வழங்குகிறது. இப்பணிக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். பழைய முறையில் உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமையால், வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 என்று தொடங்கும் எண்களை ரவுட்டர்கள் பங்கிடுகின்றன. பங்கிடுவதற்கென ஒதுக்கிய எண்கள் தீர்ந்துவிட்டால், புதிய கருவி இணைந்தும் முகவரியின்றி நிற்கும். "ஐ.பி. முகவரி கிடைக்கவில்லை" என்ற செய்தி இதன் அடையாளம். ஒதுக்கீட்டைக் கூட்டுவதோ, பயன்படாத கருவிகளை விலக்குவதோ இதற்கு மருந்து.

ஐந்தாம் வாசல்: வெளி உலகம்

நான்கையும் கடந்த பின்னும் படம் வராமல் போகலாம். கருவியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால், எதிர்முனையின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றும். சில வேளைகளில் சான்றிதழே உண்மையில் காலாவதியாகிவிடும். 2025 மார்ச் 9 அன்று, 2015-இல் வெளியான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் திடீரெனச் செயலிழந்தன. பத்தாண்டுக் காலத்துக்கு வழங்கிய ஒரு சான்றிதழ் அன்று முடிந்துபோனதே காரணம். "கருவியை அழித்து முதலிலிருந்து தொடங்காதீர்கள்" என்று கூகுள் நிறுவனம் அப்போது கேட்டுக்கொண்டது. அவசரப்பட்டு அழித்தவர்களின் பாடு கூடுதல் திண்டாட்டமாயிற்று. சில நாட்களில் திருத்தம் வந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2018 சனவரியில் பல வீடுகளில் ரவுட்டர்கள் அடிக்கடி முடங்கின. எல்லோரும் ரவுட்டரைக் குறை கூறினர். ஆனால் குற்றம் விருந்தாளியிடம் இருந்தது! "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒருமுறை சொல்ல வேண்டிய குரோம்காஸ்ட் போன்ற கருவிகள், உறக்கத்திலிருந்து விழித்ததும், விட்டுப்போன அறிவிப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. சில நேரம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகள்! வெள்ளத்தில் ரவுட்டர் மூழ்கிப்போயிற்று. அம்மாதமே கூகுள் நிறுவனம் அதைத் திருத்தியது. ஆகவே, நின்றுபோன இடமும் பிழை உள்ள இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

குற்றால விடுதியில் ஒரு பாடம்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியில் மாலை வேளைகளில் வேலை பார்த்திருக்கிறேன். அருவியில் குளித்துத் திரும்பும் விருந்தினர் சிலர், தங்கள் டி.வி. ஸ்டிக்கை அறைத் தொலைக்காட்சியில் செருகுவார்கள், அது இணையாது, எங்களோடு சண்டைக்கு வருவார்கள். விடுதி வைஃபை ஒரு பக்கத்தைத் திறந்து கைப்பேசி எண்ணையும், அதற்கு வரும் இரகசிய எண்ணையும் கேட்கும். ஸ்டிக்குகள் பலவற்றுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே தெரியாது. மேலும், அடுத்த அறைக்காரர் நம் தொலைக்காட்சியை இயக்கிவிடாதபடி, கருவிகள் ஒன்றையொன்று காணாதவாறு பிரித்தும் வைத்திருப்பார்கள். வெள்ளம் வரும்போது பேரருவியில் குளிக்கத் தடை விதிக்கிறார்களே, அது பகையா? காவல்தானே! கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஸ்டிக்கை இணைப்பதே அங்கு எளிய வழி. இந்த அனுபவம் பிறகு என் வீட்டில் கைகொடுத்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

முதல் நாள், எங்கள் ஸ்டிக்கை என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். படம் வந்தது. எனவே ஸ்டிக் பழுதில்லை. வீட்டுக் கைப்பேசிகளில் இணையம் வருவதால், வெளியிலிருந்து வரும் இழையும் பழுதில்லை. இருவரும் நல்லவர்கள், சந்திக்கும் இடத்தில்தான் தகராறு.

ஸ்டிக்கின் திரையில் எங்கள் வைஃபை பெயர் தெரிந்தது. முதல் வாசல் திறந்திருக்கிறது. அடுத்து, நண்பன் ஒருவனை வீட்டுக்கு அழைத்து, அவனுடைய புதிய கைப்பேசியில் எங்கள் கடவுச்சொல்லை இட்டுப் பார்த்தேன். அதுவும் நுழையவில்லை! இதுதான் முக்கியமான தடயம். தடை தொலைக்காட்சிக்கு மட்டும் அன்று. புதிதாக வரும் எதற்கும் தடை. டபிள்யூ.பி.ஏ. மூன்றாம் வகையையும் அறிந்த புதுக் கைப்பேசியே நிற்பதால், இரண்டாம் வாசலின் மொழிச் சிக்கல் இல்லை. வீட்டில் இருப்பவை மூன்றே கைப்பேசிகள். முகவரி தீர்ந்திருக்க வழியில்லை. எஞ்சியது மூன்றாம் வாசல்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, ஏற்கெனவே இணைந்திருந்த என் கைப்பேசியில் 192.168.1.1 என்று இட்டு உள்ளே சென்றேன். 'அனுமதி பெற்றவை மட்டும்' என்று ஒரு பட்டியல். அதில் மூன்று எண்கள். யார் எழுதியது?

நான்தான்! முந்தைய கோடை விடுமுறையில், தெருப் பையன்கள் எங்கள் திண்ணையில் அமர்ந்து இணையத்தைப் பயன்படுத்தியதால் வேகம் குறைந்தது. ஒரு காணொளியைப் பார்த்து அரைகுறையாகக் கற்று, அந்தப் பட்டியலை இட்டவன் நானே. பிறகு அடியோடு மறந்துவிட்டேன். அந்த மறதிக்கு என் தாயார் 2,500 ரூபாய் விலை கொடுக்க இருந்தார்.

பட்டியல் நல்ல காவலும் அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். மேக் எண் காற்றில் மறைவின்றிச் செல்வதால், விவரம் தெரிந்தவர் அதைப் பிறர் எண்ணாக மாற்றி நடிக்க முடியும். எனவே பட்டியலை நீக்கினேன். கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றினேன். பத்தே நிமிட வேலை. செலவு ஒன்றுமில்லை. அன்றிரவு தங்கை கல்வித் தொலைக்காட்சியின் பாடத்தைப் பெரிய திரையில் பார்த்தாள். பூட்டியவன் நான்தான் என்று தாயாரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "பூட்டுனவன்கிட்டதான சாவி இருக்கும்" என்றார். மறுபடி பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாம் செய்ய வேண்டியவை

நண்பர்களே! கருவி இணையவில்லை என்றதும் ரவுட்டரின் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியால் குத்திவிடாதீர்கள். எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். இணைப்புத் தந்தவர் இட்ட பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். அப்புறம் வீடு முழுவதற்கும் இணையம் இராது. முதலில் ரவுட்டரையும் கருவியையும் ஒருமுறை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இயக்குங்கள். பின்னர் ஹாட்ஸ்பாட்டில் கருவியையும், வேறொரு புதுக் கைப்பேசியால் ரவுட்டரையும் சோதியுங்கள். எந்த வாசல் என்று தெரிந்த பின் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஊசல் ஆடும் காலத்தை அளக்கும்போது, நீளத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாது வைக்கச் சொல்லி ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தது இதைத்தான். மதிப்பெண்ணுக்காக எழுதிய அந்த ஆய்வுக் குறிப்பேடு என் வீட்டுச் சீட்டுப் பணத்தைக் காக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இப்போது எங்கள் ரவுட்டரின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தத் தேதியில் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அதில் எழுதி வைக்கிறேன். நான் வீட்டில் இல்லாத நாளிலும் தங்கை அதைப் படித்துப் பார்த்துத் தானே சரி செய்துகொள்ளலாம் அல்லவா?