மஞ்சள் கொடி ஏற்றிய படகு

பல்கலைக்கழக நாட்களில் லங்காவியில் நிற்கும் பாய்மரப் படகுகளை வேடிக்கை பார்த்ததோடு சரி. 2019 பிப்ரவரியில்தான் ஒன்றில் ஏறினேன். முன்பு என்னுடன் பணியாற்றிய பிரெஞ்சு நண்பர், தம் 12 மீட்டர் படகில் கரிபியன் கடலின் டொமினிக்காவிலிருந்து குவாதலூப் தீவுக்குப் போகக் கயிறு இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அந்த ஆள் நான்.

அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அதனால் டிசம்பர் முதல் மே வரையே படகுகள் மிகுதியாக உலவும். அம்மாதங்களில் கிழக்கிலிருந்து வாணிபக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். தீவுகளோ வடக்கு தெற்காக வரிசையில் கிடக்கின்றன. ஆகவே காற்று பக்கவாட்டில் கிடைக்கும். பாய்க்கு அதுவே வசதி. டொமினிக்காவின் மலை மறைவில் கடல் குளம்போல் இருந்தது. வடமுனையைத் தாண்டியதும் அலை தூக்கியடித்தது. காலையில் தின்றது மதியத்திற்குள் வெளியே வந்துவிட்டது (நண்பர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி).

சுமார் 40 கடல் மைல். மாலையில் புவாந்த்-அ-பித்ர் துறைமுக வாயில் தெரிந்தது. சிவப்பு மிதவை வலப்புறம் இருந்ததைக் கண்டு நான் பதறினேன். நம் கிள்ளான் துறைமுகத்திற்குள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு இடப்புறம் அல்லவா இருக்கும்? உலகம் இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றார் நண்பர். அமெரிக்கக் கண்டங்கள், கரிபியன், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் சிவப்பு வலப்புறம். மற்ற இடங்களில் இடப்புறம். இதை மறந்தவர் பாறையில் ஏறுவார்.

பிறகு மஞ்சள் கொடி ஏற்றினோம். 'படகில் நோயில்லை, உள்ளே வர அனுமதி தருக' என்பது அதன் பொருள். அனுமதி கிடைக்கும்வரை படகுத் தலைவர் மட்டுமே கரையிறங்கலாம். சுங்கம், குடிநுழைவு எல்லாம் படகுத்துறை அலுவலகக் கணினியில் நாமே நிரப்பும் ஒரே படிவம்தான். அது முடிந்ததும் மஞ்சளை இறக்கி, மரியாதைக்காகப் பிரான்சின் மூவண்ணக் கொடியை ஏற்றினோம்.

இதே துறைமுகத்தில் 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து வந்து நின்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் இப்படிக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் தமிழர் பலர். அவர்களின் வாக்குரிமைக்காக ஹென்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய போராட்டம் 1923-இல்தான் வென்றது. 'ரஜுலா' கப்பலில் பினாங்கு வந்திறங்கிய தாத்தாவின் பேரன் நான். இந்தத் தீவைப் பற்றி எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

மறுநாள் துறைக் கட்டணம் செலுத்தப் போனேன். முகப்பிலிருந்த பெண்மணி பயணிகள் பட்டியலில் என் அப்பாவின் பெயரைத் தடுமாறாமல் 'முத்துசமி' என்று படித்தார். தம் பாட்டி வீட்டுப் பெயரும் அதுதானாம். ஆவலோடு தமிழில் பேசினேன். சிரித்துத் தலையை ஆட்டினார். ஒரு சொல்லும் தெரியாது. மதியத்துக்கு 'கொலம்போ' சாப்பிடுங்கள் என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னார். அது அங்கத்தியக் கறிக்குழம்பு.

"இந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டா?" என்று கேட்டார். நண்பர் மொழிபெயர்க்க, முத்து கடலில் கிடைப்பது என்றேன். படிவத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் காட்டினேன். பேனாவை வாங்கி, கீழே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். 'மு'வின் சுழியை எந்தப் பக்கம் வளைப்பது என்று இருமுறை கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.