கோடையில் தொடங்கும் ஆராய்ச்சி

இளநிலைப் பட்டப்படிப்பில் அறிவியல் பயிலும் மாணவர், பாடநூலைக் கற்றுத் தேர்வு எழுதினால் போதும் என்பது பலரது எண்ணம். ஆராய்ச்சி முனைவர் பட்டத்திற்கு உரியது, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அவர்கள் கருதுகின்றனர். விடை தெரியாத ஒரு வினாவும், அதனைத் தொடர்ந்து செல்லும் பொறுமையும் இருந்தால் பட்டப்படிப்புக் காலத்திலேயே ஆராய்ச்சியைத் தொடங்கலாம். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகரின் மாணவப் பருவம் இதற்குச் சான்றாகும்.

மாணவர் சந்திரசேகர்

1910ஆம் ஆண்டு இலாகூரில் பிறந்த சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1928ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கொல்கத்தா சென்று, தம் சிறிய தந்தையாராகிய சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் தங்கினார். இராமன் விளைவு அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில்தான் கண்டறியப்பட்டிருந்தது. புதிய உண்மை ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதை அம்மாணவர் அருகிலிருந்து அறிந்தார்.

அதே ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் நூலில் கற்ற அணுக்கொள்கை அதற்குள் பெரிதும் மாறிவிட்டது என்பதை அவர் வாயிலாக அறிந்தார். அறிஞர், அச்சில் இருந்த தம் கட்டுரையின் படியையும் மாணவருக்கு அளித்தார். சந்திரசேகர் மனம் தளராது புதிய கொள்கையைக் கற்றார். அதன் அடிப்படையில் எழுதிய கட்டுரை 1929ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. அவ்வாண்டு சனவரியில் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலும் அவர் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு அகவை 18, பட்டப்படிப்பும் முடிந்திருக்கவில்லை. விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எல்லோருக்கும் திறக்கும் கதவு

சந்திரசேகருக்கு ஆய்வகத்தின் கதவு திறக்க உறவு துணை நின்றது. அத்தகைய உறவு இல்லாத சிற்றூர் மாணவர் என்ன செய்வார்? அவர் பயிலும் கல்லூரியில் நல்ல கருவிகள் இல்லாமலும் போகலாம். இக்குறையைப் போக்கவே கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டங்கள் உள்ளன.

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து அத்தகைய திட்டமொன்றை நடத்துகின்றன. அவை பிரயாக்ராஜில் 1930இலும், பெங்களூருவில் 1934இலும், கொல்கத்தாவில் 1935இலும் தொடங்கப்பெற்ற கழகங்களாகும். பெங்களூருக் கழகத்தைத் தோற்றுவித்தவர் சர் சி.வி. இராமனே. தேர்வு பெறும் மாணவர், அறிவியலாளர் ஒருவரின் வழிகாட்டுதலில் இரண்டு திங்கள் பணியாற்றுவார். அவருக்கு உதவித்தொகையும் பயணச்செலவும் அளிக்கப்படும். விண்ணப்பத்துடன் ஆசிரியரின் பரிந்துரை மடலும், எதனை ஆராய விருப்பம் என்பதை மாணவரே எழுதிய குறிப்பும் வேண்டும். அக்குறிப்பைப் பிறரிடமிருந்து படியெடுத்து எழுதுவோர், வினா இன்றியே ஆய்வகத்திற்குள் நுழைபவராவர்.

களப்பணியும் குறிப்பேடும்

எல்லா ஆராய்ச்சியும் நான்கு சுவர்களுக்குள் நடைபெறுவதில்லை. காடு, கடற்கரை, ஏரி, மலை ஆகியனவும் ஆய்வுக்களங்களே. அங்கே குறிப்பேடு இன்றியமையாதது. நாள், நேரம், இடம், வானிலை ஆகிய நான்கையும் அவ்விடத்திலேயே எழுதுதல் வேண்டும். மழையில் நனைந்தாலும் எழுத்துக் கலையாதிருக்கப் பென்சிலே ஏற்றது.

நேரத்தைக் குறிக்காவிடில் என்ன பிழை நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரண்டு ஏரிகளின் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவை ஒரு மாணவி ஒப்பிடுகிறார் எனக் கொள்வோம். நீர்த்தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. நீர்வாழ் உயிரிகளின் சுவாசம் மட்டும் தொடர்கிறது. எனவே விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்தும், பிற்பகலில் மிகுந்தும் காணப்படும். ஓர் ஏரியை விடியலிலும் மற்றதைப் பிற்பகலிலும் அளந்தால், நேரத்தின் வேறுபாடு ஏரியின் வேறுபாடாகத் தோன்றும். குறிப்பேட்டில் நேரம் இருந்தால் அப்பிழையைக் கண்டு, மீண்டும் அளந்து திருத்தலாம்.

அவையில் உரைத்தல்

ஆய்வு முடிந்தபின் அதனைப் பிறர் அறியச் செய்தல் வேண்டும். சிலர் சுவரொட்டி வாயிலாகவும், சிலர் சிற்றுரை வாயிலாகவும் எடுத்துரைப்பர். எந்த வினாவுடன் தொடங்கினோம், எவ்வாறு அளந்தோம், என்ன கண்டோம், எது இன்னும் விளங்கவில்லை என்னும் நான்கும் அதில் இடம்பெற வேண்டும். எதிர்பார்த்த முடிவு கிட்டவில்லை எனில் அதனையும் மறையாது கூறுதல் வேண்டும். விருப்பத்திற்கேற்ப எண்களைத் திருத்துவோர், அவற்றை நம்பிப் பின்னர் ஆராய்வோரின் உழைப்பையும் வீணாக்குவர்.

அவையில் எழுப்பப்படும் வினாவுக்கு விடை தெரியாதபோது, "இதனை இனிமேல்தான் ஆராய வேண்டும்" என்று கூறுவது இழுக்கன்று. அந்த வினாவே அடுத்த கோடையின் ஆராய்ச்சியாக அமையலாம்.

பயிற்சி வினாக்கள்

1. சாமர்பெல்டைச் சந்தித்தபின் சந்திரசேகர் என்ன செய்தார்?
2. ஏரி நீரை அளக்கும்போது நேரத்தைக் குறிப்பது ஏன் இன்றியமையாதது?
3. உன் பள்ளி வளாகத்தில் நீ ஆராய விரும்பும் வினா ஒன்றை எழுதி, அதற்கு விடை காணும் வழியை ஐந்து தொடர்களில் விளக்குக.