கரியாலூருக்கு ஒரு கேமிங் கீபோர்டு

கல்வராயன் மலையில் உள்ள கரியாலூரில் ஒரு கீபோர்டு பழுதானால், அதைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு மலை இறங்க வேண்டும். ஆன்லைனில் வாங்கியதென்றால் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே, முதல் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கும் மலைவாசி முதலில் பார்க்க வேண்டியது, கெட்டுப்போன சுவிட்சை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பதைத்தான். வண்ண விளக்குகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்பா, பழுப்பா, நீலமா?

சாதாரண கீபோர்டில் எல்லா கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றைய பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி. காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் செய்யத் தொடங்கின, விலையும் இறங்கியது.

நிறத்தை வைத்தே குணம் சொல்லலாம். செர்ரி சிவப்புக்கு 45 கிராம் அழுத்தம் போதும், 2 மி.மீ. இறங்கியதும் பதிவாகிவிடும். பழுப்பில் பாதிவழியில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தட்டுப்படும். நீலம் ஒவ்வொரு தட்டலுக்கும் 'டிக்' என்று சத்தம் போடும். இரவில் ஒரே அறையில் குடும்பமே தூங்கும் வீட்டுக்கு நீலம் ஆகாது. விளையாட்டுக்குச் சிவப்பே போதும். மலையின் பனிமூட்டமும் ஈரமும் கவலை தந்தால், மின்தொடர்புப் பகுதியை ஈரம், தூசி எளிதில் புகாதபடி பெட்டிக்குள் அடைத்த கைல் பாக்ஸ் வகை இருக்கிறது.

பிடுங்கி மாட்டலாம்

'ஹாட் ஸ்வாப்' என்று போட்டிருந்தால் சாலிடரிங் தேவையில்லை. பழுதான சுவிட்சைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால், விலை குறைந்த சில மாடல்களின் துளைகள் அவுட்டெமுவின் மெல்லிய பின்களை மட்டுமே ஏற்கும். மூன்று பின் போர்டில் ஐந்து பின் சுவிட்ச் உட்கார, இரண்டு பிளாஸ்டிக் கால்களை நறுக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் விசாரித்துவிட்டு, கூடவே நாலைந்து சுவிட்சுகளை உதிரியாக வாங்கி வைப்பது நல்லது.

மெக்கானிக்கல் என்பதாலேயே ஒரே நேரத்தில் எத்தனை கீ அழுத்தினாலும் பதிவாகிவிடாது. 'என்-கீ ரோலோவர்' உண்டா என்று கேளுங்கள். கையில் இருப்பதைச் சோதிக்க, நோட்பேடில் இரண்டு ஷிஃப்டையும் அழுத்திப் பிடித்தபடி ஆங்கில எழுத்துகளை வரிசையாகத் தட்டுங்கள். சில விடுபட்டால், ஓடிக்கொண்டே குதித்துச் சுடும்போதும் அதே கோளாறு வரலாம்.

எந்த அளவு?

87 கீ கொண்ட டி.கே.எல். அளவு முதல் கீபோர்டுக்குப் பொருத்தம்: நம்பர் பகுதி இல்லாததால் மவுஸ் வீச இடம் கிடைக்கும். 61 கீ மாடலில் அம்புக்குறிகளுக்குத் தனி கீ இல்லை. ஆனால், தமிழ்99 தட்டச்சு முறையின் எழுத்துகளுக்குக் குறைவில்லை. விளையாட்டில் ஆளை நகர்த்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி கீகள்தான் தமிழ்99இல் ஈ, அ, இ, உ!

காந்தத்தால் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' கீபோர்டுகள் இன்னும் வேகமானவை. அவற்றில் பரவலான, எதிரெதிர்த் திசை கீகளைத் தானே சமாளிக்கும் வசதிக்கு, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் அதிகாரப்பூர்வ சர்வர்களில் 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தடை போட்டது. முதல் கீபோர்டுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. ஒயருள்ள, ஹாட் ஸ்வாப் வசதியுள்ள, சிவப்பு சுவிட்ச் டி.கே.எல். ஒன்றை வாங்குங்கள், மிச்சப்படும் பணத்தில் நல்ல மவுஸ் வாங்கலாம்.