வெற்றிருக்கையும் ஆவியும்

விருந்து மண்டபத்தில் பிரபுக்கள் அமர்ந்திருக்கின்றனர். மன்னன் மாக்பெத் தன் இருக்கையை நாடி வருகிறான். அங்கே, அவன் ஏவிய கொலைஞரால் சற்று முன்னர் மாண்ட நண்பன் பாங்க்கோ வீற்றிருக்கக் கண்டு பதறுகிறான். மற்றவர் கண்களுக்கோ அது வெற்றிருக்கை. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தைப் பயின்ற மாணவர் எவரும் இக்காட்சியை எளிதில் மறவார்.

நாடகம் காண வந்த நம் கண்ணுக்கு அந்த ஆவி தெரிய வேண்டுமா? 1623-ஆம் ஆண்டு அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில், ஆவி வந்து மாக்பெத்தின் இடத்தில் அமர்வதாக அரங்கக் குறிப்பே இருக்கிறது. அதன் காரணத்தை ஊகிப்பது அரிதன்று. நாடகம் இயற்றப்பெற்ற 1606-ஆம் ஆண்டளவில், லண்டனின் குளோப் அரங்கு நடுவே கூரையற்றது. நாடகம் நடந்ததோ பட்டப்பகலில். இருளைச் சொல்லாலும் தீவட்டியாலுமே உணர்த்த வேண்டும். தொலைவில் நிற்போருக்கு நடிகரின் கண்ணசைவு தெரியாது. ஆகவே அச்சத்திற்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது.

தொலைக்காட்சிக்கு அந்தத் தேவை இல்லை. டிரெவர் நன் 1976-இல் ஸ்டிராட்போர்டில் ஒரு சிற்றரங்கிற்கென அமைத்த 'மாக்பெத்', 1979-இல் தேம்ஸ் தொலைக்காட்சி வாயிலாக பிரிட்டனில் ஒளிபரப்பாயிற்று. மாக்பெத்தாக இயன் மெக்கெல்லன். அவன் மனைவியாக ஜூடி டென்ச். கோட்டையில்லை, தூணில்லை, பின்னே கருமை மட்டும். விருந்துக் காட்சியில் பாங்க்கோ வேடத்தில் எவரும் வருவதில்லை. மெக்கெல்லனின் முகம் திரையை நிறைக்கிறது. அவர் விழிகள் ஒன்றுமில்லாத இடத்தில் நிலைகுத்த, ஆவியை நாம் அம்முகத்திலேயே காண்கிறோம். வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நமக்கு இவ்வித்தை புதிதன்று!

தனிமொழிகளும் மாறிவிடுகின்றன. அரங்கில் கொலை எண்ணத்தைக்கூடக் கடைசி வரிசை கேட்கச் சொல்லியாக வேண்டும். இங்கே ஒலிவாங்கி அருகிலிருப்பதால், மாக்பெத் அதனை முணுமுணுத்தாலே போதும். கேட்கும் நாமும் அவன் சதிக்கு உடந்தையோ என ஐயுறுகிறோம்.

ஆயினும் எனக்கொரு குறை. மாக்பெத் பிதற்றும் வேளையில் அரசியின் முகம் எவ்வாறு மாறுகிறது, எந்தப் பிரபுவுக்கு முதலில் ஐயம் எழுகிறது என்பவற்றை அரங்கில் நாம் விரும்பியவாறு நோக்கலாம். தொலைக்காட்சியிலோ கருவி காட்டுவதே காட்சி. பாங்க்கோவைக் காணாதவர்களின் திகைப்பும் இக்காட்சியின் பாதி. அது துண்டு துண்டாகவே நமக்குக் கிடைக்கிறது.

கல்லூரி விழாவில் இக்காட்சியை நடிக்க எண்ணும் மாணவர்கள், ஒத்திகையில் ஒருமுறை ஆவியோடும், ஒருமுறை வெற்றிருக்கையோடும் நடித்துப் பார்க்கலாம். கடைசி வரிசையில் அமர்ந்த நண்பரைக் கேளுங்கள், எப்போது அவருக்கு மெய்சிலிர்த்தது என்று.